ஊர்காவற்றுறையில் பெற்ற வெளிநாட்டு அனுபவம்

என் தம்பியின் மனைவி என்ன வேலை செய்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் எனக்கு இன்றைக்கும் நாக்குப் பின்னும். வங்கியில் வேலையா என்றால் இல்லை. காப்புறுதி விற்கிறாளா என்றால் அதுவும் இல்லை. "நிதித் திட்டமிடல்" என்று அவள் எனக்குச் சொல்லித் தந்த சொல்லை அப்படியே ஒப்புவித்தால், "அப்ப கச்சேரியிலயோ வேலை?" என்று அரசாங்க வேலையை நினைத்துக் கேட்பார்கள். ஓம் என்று சொல்லிவிட்டுச் சீனியை நிறுத்துக் கொடுப்பேன். கடையைப் பார்ப்பதா, இதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதா?

நான் மரியநாயகி. ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போகிற வழியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்பக்கம் கரையோரமாக என் தம்பி கிளின்ரனின் நண்டு வாடி இருக்கிறது. தீவுப் பக்கங்களில் பிடிக்கும் நண்டை வாங்கி, ஐஸ் போட்டு, கொழும்புக்கு அனுப்புகிறான். அவன் கட்டிய பெண்தான் நிலக்சனா. தாய் தகப்பன் இங்கே பக்கத்துக் கரம்பன்காரர். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் கனடாவில், ரொறன்ரோவில்.

போன வருடம் எங்கள் கோயிலில் கல்யாணம் நடந்தது. முடிந்த கையோடு அவள் விமானம் ஏறிவிடுவாள், தம்பிக்கு விசா வரும்வரை அவன் இங்கே அவள் அங்கே என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அப்படிப் பிரிந்து கிடக்கிற சோடிகள் எங்கள் தீவில் தாராளம். ஆனால் அவள் போக மாட்டேன் என்றாள். கட்டினவனோடு இருந்துவிட்டு, விசா வந்த பிறகு இரண்டு பேருமாகப் போகிறோம் என்றாள். எனக்கு மனம் குளிர்ந்து போயிற்று. அந்தக் குளிர்ச்சி இரண்டு கிழமைகூட நிற்கவில்லை.

சிக்கல் அவளுடைய தொழிலால் வந்தது. அந்தத் தொழிலுக்குப் பரீட்சையில் பாஸ் பண்ணினால் மட்டும் போதாதாம். குறிப்பிட்ட காலத்துக்குள் ஆட்களுக்கு உண்மையாகவே திட்டம் போட்டுக் கொடுத்து அனுபவமும் காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் பாஸ் பண்ணியதும் பயனில்லாமல் போய்விடும். அவளுக்கு ஒரு வருட அனுபவம் குறைவாக இருந்தது. தகப்பன் தொலைபேசியில் ஒரே பிடியாக நின்றார்: ஜனவரியில் வந்து வேலையில் சேர், இல்லையென்றால் படித்த படிப்பெல்லாம் வீண். அவளுக்குப் படிப்பையும் விட மனமில்லை, புருஷனையும் விட மனமில்லை. இங்கே கழிக்கும் வருடத்தையே அனுபவமாகக் காட்ட முடிந்தால் போகத் தேவையில்லை. முடியாவிட்டால் ஜனவரியில் போகத்தான் வேண்டும்.

"வெளிநாட்டில பெற்ற அனுபவமும் சேருமாம் மச்சாள்," என்று ஒரு நாள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"எந்த வெளிநாடு?"

"இதுதான்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. நான் பிறந்து வளர்ந்த ஊர்காவற்றுறை எப்போது வெளிநாடாகிப் போனது? எங்களுக்கு வெளிநாடு என்றால் அங்கே. அவளுக்கு வெளிநாடு என்றால் நான். இதை யோசித்து யோசித்து அன்றைக்குப் பருப்புக்குப் பதிலாகக் கடலையை நிறுத்துக் கொடுத்து, ஆளிடம் பேச்சு வாங்கியதுதான் மிச்சம்.

சேரும் என்று சொன்னது அந்தத் தொழிலுக்குப் பட்டம் கொடுக்கிற சபை; அங்கே மறுபடி விசாரித்தால் வேறொருத்தி "சேரலாம்" என்றாளாம். மூன்றாவது ஆள் "ஆளைப் பொறுத்தது" என்றாராம். கடைசியில் ரொறன்ரோவில் அவளுக்கு முந்தி மேலாளராக இருந்த தில்லைநாதன் என்பவர் வழி சொன்னார். அவர் அந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருடைய மேற்பார்வையில் இங்கே சில குடும்பங்களைப் பிடித்து, விவரம் கேட்டு, ஆராய்ந்து, திட்டம் போட்டு, நடைமுறைப்படுத்தியும் காட்டினால் தான் பொறுப்பெடுத்து உறுதிப்படுத்துவேன் என்றார்.

அவ்வளவுதான். மறுநாளே நிலக்சனா காகிதக் கோப்பு ஒன்றையும் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் புறப்பட்டுவிட்டாள்.

சனம் அவளைக் கண்டு கதவைச் சாத்தும் என்றுதான் நான் நினைத்தேன். தன் வீட்டுக் காசுச் சங்கதியை முன்பின் தெரியாத பெட்டையிடம் யார் வாய் திறந்து சொல்லப்போகிறார்கள்? நடந்தது நேர்மாறாக. போன வீட்டிலெல்லாம் கதிரையைத் துடைத்துப் போட்டார்கள். சோடா உடைத்துக் கொடுத்தார்கள். மண்கும்பான் லியோன் தன் மோட்டார் சைக்கிளில் கணவாய் கொண்டுவந்து கடையில் தந்து, "தங்கச்சிட்டைக் குடுங்கோ அக்கா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டுப் போனார். அந்த மனுஷன் என் கடையில் ஒரு தீப்பெட்டிக்குக்கூடப் பேரம் பேசுகிறவர். அனலைதீவிலிருந்து செல்வரத்தினம் வள்ளத்தில் புகையிலையும் வெங்காயமும் அனுப்பினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிதித் திட்டமிடல் என்பது இவ்வளவு நல்ல சாமானா என்று எனக்கே ஆசை வந்துவிட்டது.

"எல்லாரும் மனம் திறந்து கதைக்கினம் மச்சாள்," என்றாள் நிலக்சனா. "கனடாவில இப்பிடிக் கதைக்க மாட்டினம். கேக்காமலே படம் எல்லாம் தருகினம்."

"என்ன படம்?"

"மகன்மாரின்ர படம். மகள்மாரின்ர படம். அவையளை நம்பித் தங்கியிருக்கிற ஆக்களின்ர விவரத்தோட நான் அதையும் வைச்சிருக்கிறன்."

அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. கடையில் சாமான் இறக்குகிற நாள் அது.

முதலில் குழம்பியவர் தில்லைநாதன்தான். எங்களுக்குப் பின்நேரம் ஆகும்போது அவருக்குக் காலை. அந்த நேரத்தில்தான் அவள் கடைக்குள் இருந்து அவரோடு கதைப்பாள். சிக்னல் அங்கேதான் நன்றாக இருக்கும். ஆகவே நானும் கேட்க வேண்டியதாயிற்று.

"பிள்ளை, இது எந்த ஊர்?" என்றார் மனுஷன். "எல்லாருக்கும் யாழ்ப்பாணத்தில ஒரு வீடு. எல்லாற்ற பெடியளும் வெளிநாட்டில பெரிய வேலை. ஆருக்கும் ஒரு சதம் கடனில்லை. இதென்ன, ஒரு வீட்டிலயும் சீனி வருத்தம் இல்லையோ?"

"கேட்டனான் சேர். பரம்பரையிலயே இல்லையாம்."

"பிறஷர்?"

"அதுவும் இல்லையாம்."

"அப்பிடியெண்டால் நானும் அங்கை வந்து இருக்கிறன்," என்றார் தில்லைநாதன். "வசதியும் இருக்கு, வருத்தமும் இல்லை. இவையளுக்கு உம்மட திட்டம் என்னத்துக்கு?"

நிலக்சனா என்னைப் பார்த்தாள். நான் தராசைப் பார்த்தேன். நீரிழிவுக்கும் பிறஷருக்கும் மருந்தெடுக்க மருந்தகத்தில் மாதாமாதம் கிளினிக் அட்டையோடு வரிசையில் நிற்கிற முகங்கள் எனக்குத் தெரியாதா? ஆனால் ஏன் இப்படிச் சொன்னார்கள் என்பது மட்டும் பிடிபடவில்லை. வரிக்காரரென்று பயந்தால் இல்லை என்பார்கள். உதவி கொடுக்கிறவர் என்றால் அழுவார்கள். இது இரண்டும் இல்லையே, கொட்டிக் கொட்டி அளக்கிறார்களே என்று குழம்பினேன்.

விடை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, வீட்டுக்கே நடந்து வந்தது. வந்தவள் செபஸ்தியம்மா. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், கருவாடு போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள். பின்னால் அவளுடைய இளையமகன் டினேஷ், மடிப்புக் குலையாத புதுச் சேட்டோடு, வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றான். கையில் ஒரு வாழைப்பழச் சீப்பும் பிஸ்கட் ரின்னும்.

நிலக்சனா கும்பிட்டு இருத்தினாள். செபஸ்தியம்மா தொண்டையைச் செருமினாள்.

"பிள்ளை, நீர் எல்லாம் கேட்டுக்கொண்டு போனனீர். நாங்களும் ஒண்டும் ஒளிக்கேல்லை. இப்ப சொல்லும், பொம்பிளை எந்தப் பக்கம்?"

"எந்தப் பொம்பிளை அன்ரி?"

"இவனுக்குப் பாத்த பொம்பிளை. கனடாவிலயோ, லண்டனோ?"

குசினி வாசலில் நின்ற எனக்கு அப்போதுதான் விளங்கியது. எத்தனை பிள்ளைகள், என்ன வயது, ஆர் ஆர் கட்டினவை, ஆர் வெளிநாட்டில், அங்கே நிரந்தரமாக இருக்கப் பேப்பர் கிடைத்துவிட்டதா, காணி என்ன, வீடு ஆர் பேரில், நகை எவ்வளவு, குடும்பத்தில் நோய்நொடி உண்டா, ஐந்து வருடம் கழித்து எங்கே இருக்க விருப்பம். இதெல்லாவற்றையும் இந்த வரிசையில் கேட்கிற ஆள் எங்கள் தீவுகளில் ஒரேயொருவர்தான். கல்யாணப் புரோக்கர்! போதாததற்கு இவள் கனடாக்காரி. அதற்கும் மேல், "நீங்கள் சொல்லுறது ஒண்டும் வெளியில போகாது, இப்ப காசும் வேண்டாம்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். புரோக்கர்மாரும் அட்சரம் பிசகாமல் அதைத்தான் சொல்வார்கள்.

கிளின்ரன் சிரித்த சிரிப்பில் கதிரையிலிருந்து விழப்போனான். டினேஷ் நிலத்தைப் பார்த்தபடி வெளியே போய்விட்டான். செபஸ்தியம்மா பிஸ்கட் ரின்னை வைப்பதா எடுப்பதா என்று தெரியாமல், கடைசியில் எடுத்துக்கொண்டு போனாள். நிலக்சனா அழுதாள். நான் தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

"சேர்த்ததெல்லாம் பொய்," என்று தேம்பினாள். "நான் போட்ட திட்டம் எல்லாம் பொய்யிலதான் நிக்குது."

அது மெய்தான். புரோக்கரிடம் எவன் உண்மை சொல்வான்? ஓட்டைக் குடிசையும் கல்வீடாகும். சீனி வருத்தம் மறையும். தொலைபேசி எடுக்காத மகன் மாதாமாதம் அனுப்புவான்.

தில்லைநாதனிடம் சொன்னாள். அவர் இரண்டு தரம் இருமினார். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. பிறகு, "பொய்த் தகவலுக்கு நான் உறுதிப்படுத்த ஏலாது பிள்ளை," என்றார். "எத்தனை வீடெண்டது முக்கியமில்லை. உண்மையான ஆள், உண்மையான விவரம். ஒரு வீட்டையெண்டாலும் ஒழுங்கா முடிச்சுக் காட்டும். பிறகு பாப்பம்."

அவள் மறுபடி வீடு வீடாகப் போனாள், தான் புரோக்கர் இல்லை என்று சொல்ல. அதை ஒருவரும் நம்பவில்லை. "எங்களைவிட நல்ல இடம் கிடைச்சிட்டுதாக்கும்" என்று முகத்தைத் திருப்பினார்கள். லியோனின் கணவாய் நின்றது. செல்வரத்தினம் வள்ளம் ஏறி வந்து மகளின் சாதகக் குறிப்பைத் திருப்பிக் கேட்டார். நிலக்சனாவுக்குக் குறிப்பென்றால் என்னவென்றே தெரியாது. கட்டம் போட்டிருந்தபடியால் காணி வரைபடம் என்று நினைத்து உறுதிப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருந்தாள். அதை எடுத்துக் கொடுத்தபோது அந்த மனுஷன் பார்த்த பார்வை எனக்கே நெஞ்சைச் சுட்டது. தன் பிள்ளையைத் தட்டிக்கழிக்கிறாள் என்று நினைத்துவிட்டார். எப்படி விளங்கப்படுத்துவது? எனக்குமே விளங்காத வேலை.

மாரி மழை தொடங்கியது. ரொறன்ரோத் தகப்பன் டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கினார். நிலக்சனா சாப்பாட்டைக் கிண்டிக்கொண்டிருப்பாள். கிளின்ரன் அவளுக்கு நண்டுக் காலை உடைத்து உடைத்து வைப்பான், ஆனால் வாய் திறக்க மாட்டான். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இவன் என்ன மனுஷன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்படி இருக்கிறபோது ஒரு நாள் செபஸ்தியம்மா கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல் நின்றாள். உள்ளே இருந்த நிலக்சனாவைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, நீர் புரோக்கர் இல்லையெண்டது மெய்யோ?"

"மெய் அன்ரி."

"மாதாவாணை?"

"மாதாவாணை."

"அப்ப உம்மால ஒருத்தருக்கும் கலியாணம் செய்து வைக்க ஏலாது?"

"ஏலாது அன்ரி."

செபஸ்தியம்மா பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. அப்பிடியெண்டால் வீட்டை வாரும். உம்மோட கொஞ்சம் கதைக்க வேணும். மரியநாயகி, நீயும் வா."

போனோம். முதல் வேலையாக அலுமாரியைத் திறந்து, மருந்துப் பைகளை எடுத்து மேசையில் கொட்டினாள். சீனிக்கு, பிறஷருக்கு, காலுக்கு. யாழ்ப்பாணத்து வீடு அவளுடையதில்லை, தமையனுடையது. பாரிஸில் இருக்கிற மூத்தவன் போன் எடுப்பதேயில்லை. காசை விடு, அவன் குரல் கேட்டே கனகாலம் என்றபோது செபஸ்தியம்மாவின் வாய் கோணிற்று. நிலக்சனா கோப்பைத் திறக்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

செபஸ்தியம்மாவின் உண்மையான பயம் வேறு. வேலணையில் கட்டிக் கொடுத்த மகள், இருக்கிற வீட்டைத் தன் பேரில் எழுதித் தரச் சொல்கிறாள். சீதனமாகச் சொன்ன வீடு, எழுதத்தான் வேண்டும். எழுதின பிறகு மருமகன் வெளியே போ என்றால்?

"கருவாட்டோட நான் எங்க போறது பிள்ளை? இதை ஆரிட்டைக் கேக்கிறது? சொந்தக்காரரிட்டைக் கேட்டால் மகளுக்குப் போயிடும். சாமியாரிட்டைக் கேட்டால் செபிப்பம் எண்டுவார்."

அதன்பிறகு நிலக்சனா ஓடிய ஓட்டத்தை நான் கண்ணால் பார்த்தேன். மகளுக்கு வீட்டை எழுதும் உறுதியிலேயே, தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கிற உரிமை அவளுக்கென்று எழுதலாமென நொத்தாரிசிடம் போய்க் கேட்டு வந்தாள். மகளையும் மருமகனையும் கூப்பிட்டு இருத்திக் கதைத்தாள். மூத்தவன் ஒன்றும் அனுப்ப மாட்டான் என்று வைத்துக்கொண்டே கருவாட்டு வருமானத்துக்கு ஒரு திட்டம் போட்டாள். முன்வளவைத் தம்பியின் வாடிக்கு ஐஸ் பெட்டி வைக்க வாடகைக்கு விடச் செய்தாள். உறுதி எழுதி முடிந்த அன்று செபஸ்தியம்மா அதே பிஸ்கட் ரின்னைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

தில்லைநாதன் செபஸ்தியம்மாவை வீடியோவில் பார்க்க வேண்டும் என்றார். அவள் அவருக்குத் தன் மருந்துகளின் பெயரெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, "நீங்களும் சீனி பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நிலக்சனாவிடம், "இது திட்டம்," என்றார். "இந்த வருஷத்தை நான் உறுதிப்படுத்துறன். இன்னும் இப்பிடி ரெண்டு வீடு செய்யும். ஜனவரியில வரத் தேவையில்லை."

தொலைபேசியைக் கடை மேசையில் போட்டுவிட்டு நிலக்சனா பின்வாசலால் வாடிக்கு ஓடினாள். தம்பிக்கு ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். கிளின்ரன் நண்டுக்கு ஐஸ் போட்டுக்கொண்டு நின்றான்.

"நான் போகேல்லை! சேர் ஓம் எண்டிட்டார். உங்கட விசா வரும் வரைக்கும் இஞ்சையே இருக்கலாம். பிறகு ரெண்டு பேரும் சேந்தே போவம்."

அவன் ஐஸ் மண்வெட்டியைக் கீழே வைத்தான். முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை. ஒரு கேலி வரும் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை.

"நல்லது," என்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். செபஸ்தியம்மாவின் முதல் நாள் பேச்சையும் இரண்டாம் நாள் பேச்சையும் கேட்டவள் அல்லவா, ஒரு பதில் மெய்யா, ஒப்புக்குச் சொன்னதா என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

"நல்லதெண்டால் என்ன? உங்களுக்கு விருப்பமில்லையோ?"

அவன் என்னைப் பார்த்தான். நான் போவதா நிற்பதா என்று தெரியாமல் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன்.

"எனக்கு அங்கை வர விருப்பமில்லை," என்றான் கிளின்ரன். "ஒருநாளும் இருக்கேல்லை."

கோப்பையை ஐஸ் பெட்டிமேல் வைத்தேன். இந்தப் பேச்சை நானே இப்போதுதான் கேட்கிறேன். வெளிநாட்டுச் சம்பந்தம் என்று புரோக்கர் வந்தபோது ஓம் என்று தலையாட்டியவன் இவன்தானே!

"இஞ்சை நாலு பேருக்கு நான் வேலை குடுக்கிறன். அங்கை வந்து ஒரு ஸ்ரோரில பெட்டி அடுக்கிறதோ?"

"பேந்து என்னத்துக்கு விசாப் பேப்பரில கையெழுத்து வைச்சனீங்கள்?" அவளுடைய குரல் உடைந்தது.

"எல்லாரும் வைக்கினம். வரேல்லை எண்டால் நீர் என்னை விட்டிட்டுப் போயிடுவீர் எண்டு பயம். கலியாணத்துக்கு முதல் உம்மைத் தெரியாது. பிறகு தெரிஞ்சிட்டுது, அதால இன்னும் பயம்."

"ஏன் ஒருக்கா எண்டாலும் சொல்லேல்லை?"

"அஞ்சு வருஷத்தால எங்க இருக்க விருப்பம் எண்டு தீவு முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிஞ்சனீர். என்னட்டைக் கேக்கேல்லை."

அவள் ஐஸ் பெட்டியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அழப்போகிறாளா, ஏசப்போகிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்கும் அவளுக்கு நியாயம் இருந்தது.

கிளின்ரன் நனைந்த கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தான்.

"சரி, நான் கேக்கிறன்," என்றான். "நீர் சொல்லும். உமக்கு எங்க இருக்க விருப்பம்?"

நிலக்சனா வாயைத் திறந்தாள். இந்தக் கேள்வியை எத்தனையோ வாசல்களில் நின்று கேட்டவள் அவள். கடலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"தெரியேல்லை," என்றாள். "என்னட்டையும் ஒருத்தரும் கேக்கேல்லை."